பூனைக்கும் சர்க்கரை வியாதி

பூனைக்குச் சர்க்கரை வியாதி என்றால் நகைப்பவர்கள் உண்டு. "அதென்ன, மூன்று வேளையும் ஜாங்கிரி தின்றதோ?" என்று கேட்பார்கள். ஆனால், பிள்ளைபோல் வளர்த்த பூனை வைத்தியரின் மேஜைமீது ஒடுங்கிக் கிடக்க, அவர் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இனிமேல் தினம் இரண்டு வேளை ஊசி போடவேண்டும்" என்று சொல்லக் கேட்டவர்களுக்கு இது நகைப்புக்குரிய விஷயமன்று. ஊசி போடுவது யார்? எத்தனை நாளைக்கு? செலவுக்கு என்ன வழி? இத்தனை கேள்விகளும் ஏககாலத்தில் எழுந்து மனத்தைக் கலக்கும். அவ்வாறு கலங்கி நிற்கும் குடும்பங்களை உத்தேசித்தே இவ்வாரம் எழுதுகிறோம்.

இந்நோய் பெரும்பாலும் நடுவயது கடந்த, உடல் பருத்த, வீட்டை விட்டு வெளியே போகாத பூனைகளையே பற்றுகிறது. பெண் பூனைகளைவிட ஆண் பூனைகளுக்கு, அதிலும் விதையடிக்கப்பட்டவற்றுக்கு, அபாயம் அதிகம். அடையாளங்கள் மனிதருக்குள்ளவையே. பூனை ஓயாமல் தண்ணீர் குடிக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். வயிறார உண்டும் நாளுக்கு நாள் இளைக்கும். சில பூனைகள் பின்னங்கால்களின் பலம் குன்றிக் குதிகால் தரையில் படிய நடக்கும். பானைத் தண்ணீர் சீக்கிரம் குறைகிறதே என்று வீட்டிலுள்ளோர் எண்ணும்போதே வைத்தியரிடம் கொண்டுபோவது நல்லது.

வைத்தியர் ஒரே பரிசோதனையுடன் திருப்தியடையாவிட்டால் அவரைக் குறை கூறலாகாது. பயத்தினால் மட்டுமே பூனையின் இரத்தத்தில் சர்க்கரை வெகுவாக ஏறிவிடும். கூடையில் அடைபட்டு, மோட்டாரில் குலுங்கி, நாய்கள் குரைக்கும் கூடத்தில் காத்திருந்த பிராணிக்குப் பயத்துக்குக் குறைவேது? ஆகையால் சிறுநீரையும் சோதித்து, முந்தைய இரண்டொரு வாரங்களின் நிலையைக் காட்டும் 'ஃப்ரக்டோஸமைன்' சோதனையையும் செய்து பார்த்தே நோயை நிச்சயம் செய்கிறார்கள்.

நோய் நிச்சயமானபின் பெரும்பான்மையான பூனைகளுக்கு மருந்து இன்ஸுலினே. 1921-ல் கனடா தேசத்து டொரோண்டோ நகரில் பாண்டிங் என்பவரும் பெஸ்ட் என்பவரும் இம்மருந்தைக் கண்டறிய ஆராய்ச்சி நடத்தியது நாய்களை வைத்துத்தான். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. பிராணிகளின் உயிரைக் கொண்டு மனிதன் பெற்ற மருந்து, இன்று ஒரு பிராணியின் உயிரைக் காக்கத் திரும்பி வருகிறது என்றால் அதில் நியாயம் உண்டு.

ஊசியைப் பற்றிய அச்சமே முதல் தடை. உண்மையில் பூனையின் தோல் தளர்ந்தது; கழுத்துக்குப் பின்னாலோ விலாப் புறத்திலோ விரலால் தூக்கிப் பிடித்து, மெல்லிய ஊசியைச் செலுத்தினால், உண்பதில் ஆழ்ந்திருக்கும் பூனை அநேகமாகத் திரும்பியும் பாராது. பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை, உணவை ஒட்டி, நேரம் தவறாமல் போடவேண்டும். ஒரு வார காலத்தில் வீட்டாரின் கை நடுக்கம் தீர்ந்துவிடும்.

உண்மையாக அஞ்சவேண்டியது அளவைக் குறித்தே. நமது நாட்டுக் கடைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்ஸுலினும் இருக்கிறது. 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஸிரிஞ்சு வேறு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் ஸிரிஞ்சில் எடுத்தால், கோடு ஒன்றைக் காட்டும்போது உள்ளே இரண்டரை யூனிட் போய்விடும். ஒரு சிறு பூனைக்கு இது உயிரைப் பறிக்கக்கூடிய பிழை. ஆதலால் பாட்டிக்கு வாங்கிய ஸிரிஞ்சைப் பூனைக்கு எடுத்துக்கொள்வது கூடாது. தாத்தாவின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது அதனினும் கூடாது.

மருந்து மிகுந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும். பூனை தள்ளாடும், நடுங்கும், கூப்பிட்டால் ஏறிட்டுப் பாராது, வலிப்பும் வரலாம். அப்போது தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிக்கொண்டு வைத்தியரிடம் ஓடவேண்டும். வலிப்பு உள்ளபோது வாயில் எதையும் ஊற்றலாகாது. ஊசி உள்ளே போயிற்றா, ரோமத்தில் சிந்திற்றா என்று சந்தேகம் வந்தால் மறுமுறை போடாதிருப்பதே விவேகம். ஒரு வேளை மருந்து தவறுவதால் பெருங்கேடு விளையாது; இருமுறை போட்டால் விளையும். பூனை உணவைத் தொடாத நாளில் வைத்தியரைக் கேட்காமல் ஊசியை எடுக்கவேண்டாம்.

நிற்க. உணவு விஷயத்தில் நமது வீடுகளில் ஒரு தர்மசங்கடம் உண்டு. பாலும் தயிர்சாதமும் இட்டுப் பூனை வளர்க்கும் சைவக் குடும்பங்கள் அநேகம். பூனையோ பிறவியிலேயே மாமிச பட்சணி. மாமிசத்தில் உள்ள 'டாரின்' என்னும் சத்தின்றிக் கண்ணும் இருதயமும் கெடும். சர்க்கரை நோய் கண்ட பூனைக்குச் சோறு குறைந்து, மாமிசப் புரதம் மிகுந்த உணவே வேண்டும். வீட்டின் ஆசாரத்தை விடவும் மனமில்லை, பூனையை விடவும் மனமில்லை என்பவர்களுக்கு, டப்பியில் அடைத்து வரும் பூனை உணவு ஓரளவு கைகொடுக்கும். கொல்லைப்புறத்தில் அதற்கென ஒரு தட்டை ஒதுக்கிவிட்டால் அடுக்களையின் மடி கெடாது. எதை, எவ்வளவு என்பதை வைத்தியர் சொல்லட்டும். உணவை மாற்றினால் மருந்தின் அளவும் மாறவேண்டியிருக்கும்.

இனி, யாரும் வெளியே சொல்லாத ஒரு சங்கதி. இத்தகைய சிசுருஷை எல்லாம் முடிவில் வீட்டுப் பெண்மணி ஒருத்தியின் தலையிலேயே வந்து விழுகிறது. "பூனை என்னுடையது" என்று பெருமை பேசும் பிள்ளைகள், காலை ஆறு மணி ஊசிக்கு எழுந்திருப்பதில்லை. கலியாணம், கருமாதி எதற்கும் அவள் ஓரிரவு தங்க முடிவதில்லை. பூனைக்கு வந்த நோய் அவளுக்குச் சிறைவாசமாகிவிடக் கூடாது. வீட்டில் இருவராவது ஊசி போடக் கற்கவேண்டும். நம்பிக்கையான அண்டை வீட்டார் ஒருவருக்கும் கற்பித்து வைக்கலாம். ஊசி போட்ட நேரம், அளவு, உண்டது, குடித்த தண்ணீர் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தால், ஒருவர் போட்டதை அறியாமல் மற்றவர் மீண்டும் போடும் விபத்தும் நேராது.

இவ்வளவு பாடுபட்டுப் பலன் உண்டா என்றால், உண்டு. ஆரம்பத்திலேயே கண்டு, உணவையும் மருந்தையும் ஒழுங்காக நடத்திய பூனைகளில் ஒரு பகுதிக்குச் சில மாதங்களில் இன்ஸுலினே தேவையற்றுப் போகிறது. நோய் மறுபடியும் தலைகாட்டலாம். எனினும் அது பெரும் ஆறுதல் அல்லவா? வாய்வழியே கொடுக்கும் மருந்துகளும் தோன்றியுள்ளன. அமெரிக்காவில் 2022-ல் ஒன்றும் 2023-ல் மற்றொன்றும் அனுமதி பெற்றன. ஆனால், முன்பு இன்ஸுலின் போட்ட பூனைக்கு அவை ஆகா.

செலவு தாங்காத குடும்பங்களும் உண்டு. அவர்களைக் கல்நெஞ்சர் என்று நாம் தூற்றமாட்டோம். சென்னையில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியைப் போன்ற பொது ஸ்தாபனங்களில் முதலில் யோசனை கேட்கட்டும். எவ்வழியும் இல்லையென்றால், பூனை வேதனையின்றிக் கண்மூட வைத்தியர் துணையை நாடுவதும் கருணையே. ஒன்றை மட்டும் செய்யவேண்டாம்: நோயாளிப் பூனையைச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவந்து, "அங்கே பிழைத்துக்கொள்ளும்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். அது பிழைக்காது. நம்மை நம்பி மடியில் உறங்கிய ஜீவனுக்கு நாம் பட்டிருக்கும் கடன், அது நோயுற்றபின் குறைவதில்லை.