மன்னாரின் காற்றும் கொழும்பின் கணக்கும்

மன்னார்த் தீவில் காற்றாலை வேண்டாம் என்று சொல்பவன் அபிவிருத்தியின் எதிரி. 2025 ஓகஸ்ட் முதல் கொழும்பில் நான் சந்தித்த படித்த மனிதர்கள் பலரின் தீர்ப்பு இதுதான். அவர்களுள் தமிழரும் உளர். காற்று இலவசமாகக் கிடைக்கிறது, எண்ணெய்க்கு டொலர் வேண்டும், 2022 மார்ச்சில் நாளுக்குப் 13 மணி நேரம் இருட்டில் கிடந்ததை மறந்துவிட்டீர்களா என்று என்னையும் மடக்குகிறார்கள்.

மறக்கவில்லை. நுரைச்சோலையின் நிலக்கரியா மன்னாரின் காற்றா என்று கேட்டால் காற்று என்றே நானும் சொல்வேன். ஆனால் அந்தக் காற்று வீசும் ஊருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு இந்த நண்பர்களிடம் பதில் இல்லை.

2017இல் ஆசிய அபிவிருத்தி வங்கி 200 மில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. 2020 டிசெம்பரில் இலங்கை மின்சார சபை 'தம்பபவனி'யைத் திறந்தது. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட் வலுவுள்ள 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட். பெயர் தம்பபண்ணியை நினைவூட்டுகிறது; பேசாலையை அல்ல, தலைமன்னாரையும் அல்ல. நடுக்குடாவில் சேரும் மின்சாரம் தேசிய மின்வலையமைப்புக்குப் போகிறது. கோபுரத்தின் நிழல் விழும் வளவில் குடியிருப்பவரும் கொள்ளுப்பிட்டியில் குடியிருப்பவரும் ஒரே கட்டணப் பட்டியலின்படிதான் பணம் கட்டுகிறார்கள்.

மீன் ஓடிவிட்டது, மழை குறைந்துவிட்டது என்று மேடைகளில் முழங்கப்படும் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆய்வில் நிறுவப்படாததை நிறுவப்பட்டதுபோலச் சொல்வது போராட்டத்துக்குத்தான் கேடு. தண்ணீரின் கதை வேறு. தாழ்ந்த, தட்டையான மணல் தீவு அது. உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாகத் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். அங்கே கொங்கிறீற் அத்திவாரமும் உயர்த்திய பாதையும் போட்டால் வெள்ளம் வடியும் வழி என்னாகும் என்று கேட்க எவரும் பொறியியலாளராக இருக்க வேண்டியதில்லை.

மத்திய ஆசியப் பறவைப் பாதையில் மன்னார் கிடப்பதால், கூட்டமாகப் பறவைகள் வரும்போது காற்றாலைகளை நிறுத்துவதற்கு ராடார் பொருத்தியிருக்கிறார்கள். நல்ல காரியம். கரைவலை இழுப்பவனுக்காக இப்படி ஏதாவது பொருத்தப்பட்டதா?

உள்ளூர் நன்மை என்றால் நமது அதிகாரிகளுக்குக் கட்டுமானக் காலத்துக் கூலிவேலை, பாடசாலைக்கு நாலு மேசை, ஒரு மருத்துவ முகாம். இது தானம். கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுவிடும். நான் கேட்பது பங்கு.

ஸ்கொட்லாந்து அரசின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டி, மெகாவாட் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 5,000 பவுண் உள்ளூர்ச் சமூகத்துக்கு வழங்கப் பரிந்துரைத்தது. சட்டக் கட்டாயம் இல்லாதபோதும் பல நிறுவனங்கள் வழங்குகின்றன. அந்தக் கணக்கைத் தம்பபவனிக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 517,500 பவுண். டென்மார்க் 2009 முதல், காற்றாலையின் 20 வீதப் பங்குகளை முதலில் 4.5 கிலோமீற்றருக்குள் வசிப்போருக்கு விற்க முன்வருமாறு சட்டத்தால் கட்டாயப்படுத்தியது. 2020இல் அதை மாற்றி, அயலவருக்கு ஆண்டுதோறும் கொடுப்பனவு வழங்கும் முறையைக் கொண்டுவந்தது.

வெள்ளைக்காரன் நாடு, நமக்குச் சரிவராது என்பீர்கள். கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் பெற்று, மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலையைத் தன் சொந்தச் சொத்தாக நிறுவியது. தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. ஓர் ஊராட்சி!

பணம் இல்லை என்பதும் பொய். அதானி நிறுவனத்துக்கு அலகு ஒன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் கொடுக்க 2024இல் அரசு இணங்கியிருந்தது. அந்நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. மன்னாரின் 50 மெகாவாட் திட்டத்துக்கோ 4.65 சதமே விலை. 3.61 சதம் மிச்சம் என்று மகிழ்கிறார்கள். அந்த மிச்சத்தில் பத்திலொரு பங்கை மன்னாருக்கு ஒதுக்கினால் நாடு இருண்டுவிடாது.

மாறாக நடந்தது என்ன? 2025 ஓகஸ்டில் மக்கள் வீதிக்கு வந்தபோது ஜனாதிபதி ஒரு மாத இடைநிறுத்தம் அறிவித்தார். செப்டெம்பர் 26 இரவு, பொலிஸ் பாதுகாப்புடன் காற்றாலை உதிரிப்பாகங்கள் தீவுக்குள் கொண்டுசெல்லப்பட்டன. மறித்து நின்ற பெண்களும் மதகுருமாரும் பொலிஸாரின் பலப்பிரயோகத்துக்கு உள்ளானார்கள். அந்த உதிரிப்பாகங்களுடன் ஒரு பங்குப் பத்திரமாவது தீவுக்குள் போனதாக நான் கேள்விப்படவில்லை.

யாரிடம் பணத்தைக் கொடுப்பது என்று கேட்பவர்களுக்கு ஒன்று. வட மாகாண சபை 2018இல் காலாவதியானது, தேர்தல் நடத்தவில்லை, உண்மை. ஆனால் 2025 மே மாதம் தெரிவான மன்னார் பிரதேச சபை இருக்கிறது, அதற்கு வரவு செலவுத் திட்டமும் இருக்கிறது. அதிலே 'காற்று வருமானம்' என்று ஒரு வரியைச் சேர்த்து, தொகையைக் கோரி, மின்சக்தி அமைச்சருக்கு எழுத்தில் அனுப்பட்டும். மறுப்பதானால் அமைச்சரும் எழுத்தில் மறுக்கட்டும்.