லினக்ஸுக்கு எந்த சவுண்ட் கார்டு?

திருப்புட்குழி பக்கம் பட்டுச்சேலை வாங்கப் போகும் விவரம் தெரிந்தவர் லேபிளை மட்டும் நம்ப மாட்டார். ஜரிகையைச் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால்தான் திருப்தி. அதே மனிதர் சவுண்ட் கார்டு வாங்கும்போது மட்டும் பெட்டியில் அச்சிட்ட "192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்" என்பதை அப்படியே நம்பிவிடுகிறார்!

தமிழக அரசு 2011-ல் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினியில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்படி லினக்ஸ் பழகிய ஒருவர் பாட்டு கேட்க கார்டு வாங்கினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "கெர்னலில் இதற்கு டிரைவர் இருக்கிறதா?" என்பதே. 2005-ல் வந்த கிரியேட்டிவ் எக்ஸ்-ஃபை கார்டுக்கு கெர்னலில் டிரைவர் சேர்ந்தது 2009-ல்தான். காசு கொடுத்தவர்கள் அதுவரை காத்திருந்தார்கள்.

யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் என்ற பொது விதிப்படி செய்த சிறிய வெளிப்புற கார்டு போதும். தனி டிரைவர் தேவையில்லை, செருகினால் பாடும். மடிக்கணினிக்கும் ஒத்துவரும்.

சரி, அந்த 192? சிடி பாடல் 44.1 கிலோஹெர்ட்ஸ். இன்று பல லினக்ஸ்களில் இருக்கும் பைப்வயர், அமைப்பை மாற்றாதவரை, எல்லாவற்றையும் 48-க்கு மாற்றியே அனுப்புகிறது. காதுக்குப் பெரிய நஷ்டமில்லை, ஆனால் 192-க்குக் கொடுத்த காசு வீண். பாட்டு ஓடும்போது அல்சா காட்டும் உண்மையான வேகத்தைப் பார்த்தாலே இது விளங்கும். ஜரிகையைச் சுரண்டுவது போலத்தான்.

மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்கலாம். வித்தியாசம் அங்கேதான் கேட்கும்.