விழாவும் விலாவும்

சென்ற மார்கழியில் தலைநகர்த் தமிழ் மன்றம் ஒன்றிலிருந்து நமக்கு ஓர் அழைப்பு வந்தது. 'பொங்கல் விலா'வுக்குக் குடும்பத்துடன் வருகை தந்து சிறப்பிக்குமாறு அதில் வேண்டப்பட்டிருந்தது. எலும்பின் பெயரால் எவரும் நம்மை இதற்கு முன் விருந்துக்கு அழைத்ததில்லை. அழைப்பை அனுப்பியவர் தமிழறியாதவர் அல்லர். மேடையேறினால் ஒரு மணி நேரம் குறிப்பின்றிப் பேச வல்லவர். ழகரத்தை அவர் ஒலிக்கும் அழகைக் கேட்கவே சிலர் வருவர். பிழை அவர் நாவில் நேர்ந்ததன்று, விரலில் நேர்ந்தது. கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளை அழுத்தினார், கருவி நீட்டிய சொற்களுள் முதலாவதைத் தொட்டார், அனுப்பிவிட்டார். 'இசட்', 'எச்' என இரண்டை அழுத்தினால்தான் அங்கே ழகரம் பிறக்கும். அவர் 'எல்' என்ற ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

இது சிறு செய்திதானே, இதற்கொரு கட்டுரையா என்று கேட்பாரும் உளர். சிறு செய்திதான். ஆயினும் நம் அன்றாட வாழ்வு சிறு செய்திகளால் ஆனது. ஒரு நாளில் நாம் பேனா பிடித்து எழுதுவது எத்தனை வரி? வருகைப் பதிவேட்டில் ஒரு கையொப்பம், அதுவும் பல அலுவலகங்களில் விரல் ரேகையாகிவிட்டது. எஞ்சிய எழுத்தெல்லாம் விசைவழியே நிகழ்கிறது. அந்த விசையில் நாம் தமிழைத் தமிழ் எழுத்தால் எழுதவில்லை என்பதே நம் வழக்கு. ண, ந, ன என்ற மூன்றுக்கும் ஓரெழுத்தையே உடைய ஒரு நெடுங்கணக்கின் வழியே நம் சொல் போய்த் திரும்புகிறது. போகும்போது 'திருமணம்', திரும்பும்போது 'திருமனம்'. வாழ்த்து அனுப்பியவரும் பார்ப்பதில்லை. பெற்றவரும் நாகரிகம் கருதிச் சொல்வதில்லை.

நாம் தட்டச்சுப் பயின்றது 1996-ஆம் ஆண்டில், தென்னாட்டுச் சிற்றூர் ஒன்றின் மாடியில். காலை ஆறு மணி வகுப்பு. பன்னிரண்டு பொறிகள் ஒரே நேரத்தில் முழங்கும்போது கூரைத் தகடு அதிரும். முதற்பாடம் 'யளனகபக'. பொருளில்லாத அச்சொல்லை நம் தலைமுறையில் தட்டச்சுப் பயின்றோர் எவரிடமேனும் சொல்லிப் பாருங்கள், அவர் விரல்கள் தாமாக அசையும். புள்ளியை முதலில் அடித்து, அது நகராமல் நிற்க, அதன்கீழ் மெய்யை அடிப்போம். வரி முடியும் தறுவாயில் மணி ஒன்று ஒலிக்கும். அம்மணியோசையில் ஒரு நிறைவு இருந்தது. இன்றைய கருவிகளில் எதுவும் அதைத் தரவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்று வாழ்ந்த ஆர். முத்தையா, 247 எழுத்துகளை ஆங்கிலப் பொறியின் சில பத்து விசைகளுக்குள் அடக்கிக் காட்டினார். அவ்வளவு நெருக்கடியிலும் தமிழில் மிகுதியாக வரும் னகரம் நடு வரிசையில், நடுவிரலின் கீழேயே இருந்தது. அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறோம்.

பணி நிமித்தம் தில்லி வந்தோம். நடுவண் அரசில் எழுத்தராகச் சேர்வோர்க்குரிய தட்டச்சுத் தேர்வு, நிமிடத்திற்கு ஆங்கிலத்தில் 35 சொல், அன்றேல் இந்தியில் 30 சொல். யளனகபக-வுக்கு அங்கே வேலையில்லை. அதனால் நமக்கு வருத்தமுமில்லை. கோப்பு எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழியில்தான் அடிக்க வேண்டும். ஆனால் வீட்டுக் கணினியில் தமிழ் அடிக்க முனைந்தபோதுதான் துன்பம் தொடங்கிற்று. 2002-இல், நம் அன்னையார் வழங்கிய ஊர்ச் சொற்களை நாற்பது பக்கம் தொகுத்து, அந்நாளில் கிடைத்த ஓர் எழுத்துருவில் அடித்து வைத்தோம். கணினியை மாற்றியபின் திறந்தால், கொம்பும் காலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளே பக்கம் பக்கமாக நின்றன. அந்நாளில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீட்டு முறை வேறு. ஒரு நண்பர் மாற்றுநிரல் ஒன்றால் பெரும்பகுதியை மீட்டுத் தந்தார். மீளாத சொற்களைக் கேட்டு எழுத அன்னையார் அப்போது இல்லை. தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010-இல். அதன்பின் அத்துயர் பிறருக்குக் குறைந்தது.

இனி விசைப்பலகைக்கு வருவோம். இந்திய மொழிகளனைத்திற்கும் பொதுவென்று நடுவண் அரசின் மின்னணுத் துறை 1986-இல் வகுத்த முறை இன்ஸ்கிரிப்ட். ஒரே ஒலிக்கு எம்மொழியிலும் ஒரே விசை என்பது அதன் கொள்கை. கேட்க இனிய கொள்கைதான். இந்தியும் வங்காளமும் அறிந்தவர் இரண்டையும் ஒரு பயிற்சியிலே அடிக்கலாம் என்பதை மறுக்கவில்லை. தமிழுக்கு அது என்ன செய்தது? வடமொழி நெடுங்கணக்கின் வர்க்க எழுத்துகளுக்கென வகுத்த இருக்கைகளில், தமிழில் இல்லாத எழுத்துகளின் விசைகள் பல வெறுமையாகக் கிடக்கின்றன. மேல் வரிசையில் வலக்கை விரல்கள் இயல்பாகத் தொடும் ஆங்கில 'ஐ', 'ஓ' விசைகளிரண்டும் தமிழுக்கு வெற்றிடம். அதே பலகையில் ழ, ள, ற, ன, ண ஆகிய ஐந்தும் மாற்றுவிசையை அழுத்தினால்தான் வரும். வீட்டுக்குரியவன் திண்ணையில் நிற்க, வாராத விருந்தினருக்காக அறையைப் பூட்டி வைத்த கதை இது. 'என்ன' என்ற எளிய சொல்லைப் பாருங்கள். எகரத்துக்கு மாற்றுவிசை, னகரம் இரண்டுக்கும் மாற்றுவிசை, நடுவே புள்ளி. ஆக ஏழு அழுத்தம். பழம்பொறியில் நடுவிரலின் கீழிருந்த னகரத்துக்கு நேர்ந்த கதி இதுவானால், அன்பர்கள் ஆங்கில எழுத்தை நாடி ஓடியதில் வியப்பென்ன?

ஓடியவர்கள் சற்றுத் திரும்பிப் பார்த்திருக்கலாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 என்ற பலகையைத் தமிழக அரசு ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். 'என்ன' அங்கே மூன்றே அழுத்தம்: எ, ன, ன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதன் தலையில் புள்ளி தானே ஏறும். ங-வை அடுத்துக் க, ஞ-வை அடுத்துச் ச, ந-வை அடுத்துத் த வந்தாலும் அவ்வாறே. தொல்காப்பியர் மெய்ம்மயக்கம் என்று எதை வகுத்தாரோ, அதில் ஒரு பகுதியை இயந்திரம் கற்று வைத்திருக்கிறது. முதன்முறை 'தங்கம்' என்று அடித்து, ஙகரத்தின் மேல் புள்ளி தானாக வந்து அமர்ந்தபோது, அலுவலக உணவு இடைவேளையில் தனியே சிரித்துக்கொண்டிருந்த நம்மைப் பக்கத்து இருக்கைப் பஞ்சாபி அன்பர் ஐயத்துடன் நோக்கினார். குறையும் ஒன்று உண்டு. 'மமதை' என்று எழுத, முதல் மகரத்தின்பின் அகரத்தைத் தட்டித் தடுத்தாலன்றி 'ம்மதை' ஆகிவிடும். மமதைக்கு ஓர் அழுத்தம் கூடுதலாகச் செலவாவது நமக்கு உடன்பாடே.

இனி யார் அடிக்கப் போகிறார்கள், வாயாற் சொன்னால் கைப்பேசியே எழுதிவிடுகிறதே என்று ஓரன்பர் நம்மிடம் வாதாடினார். சொல்லிப் பாருங்கள் என்றோம். 'பள்ளி' என்றார், தில்லியில் முப்பதாண்டு கழித்த நா. திரையில் பல்லி வந்தது.

நகைப்பு ஒருபுறம் இருக்க, நாம் அஞ்சுவது முதியோர்க்காக அன்று. விலாவைக் கண்டால் விழா என்று அவர்கள் மனத்திற்குள் திருத்திக்கொள்வர். இந்நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் உள்ளன. அவற்றுக்கு வெளியே பயிலும் நம் பிள்ளைகள் பலர்க்குத் தமிழெழுத்து கண்ணில் படுவதே பெற்றோரின் கைப்பேசியில்தான். நம் மகள் பன்னிரண்டு அகவையினள். பாட்டிக்கு நாள்தோறும் செய்தி அனுப்புகிறாள், முழுதும் ஆங்கில எழுத்தில். பாட்டிக்கு, அதாவது நம் இல்லத்தரசியின் தாயாருக்கு, ஆங்கிலம் படிக்க வராது. அடுத்த வீட்டுப் பையன் படித்துக் காட்டுகிறான். பேத்தியும் பாட்டியும் இருவரும் தமிழ் அறிந்தவர்கள். இடையே ஒரு பையன் தேவைப்படுகிறான். இந்த ஏற்பாட்டை வளர்ச்சி என்று எவரேனும் நமக்கு விளக்கினால் கேட்கச் சித்தமாயிருக்கிறோம்.

தமிழ்99 இன்று கணினியிலும் கைப்பேசியிலும் தனிச்செலவின்றிக் கிடைக்கிறது. யளனகபக-வில் ஊறிய நம் விரல்களே தொடக்கத்தில் மறுத்தன. பகரம் இருந்த இடத்தைத் தேடி ஒரு மாதம் தவறித் தவறி விழுந்தன. மாலையில் அரை மணியாக மூன்று மாதம் ஆயிற்று. மகளுக்கு மூன்று வாரம் போதுமாயிருந்தது. பாட்டிக்கு அவள் அனுப்பிய முதல் தமிழ்ச் செய்தி, 'பாட்டி, இதை நீயே படி' என்பது.

மன்றங்களை நாம் கேட்பது பெரிதன்று. பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் மாலைகளில் நான்கை மட்டும் பிள்ளைகளுக்கு இப்பலகையைப் பழக்க ஒதுக்குக. பலகைப் படத்தை அச்சிட்டு நூலகத்து மேசையில் வைக்க ஒரு தாள் போதும். விலாவுக்கு அழைத்த மன்றத்துச் செயலாளரிடம், அடுத்த அழைப்பிதழை நாமே அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். அவரும் மனமுவந்து இசைந்தார். 'மிக்க நன்ரி' என்று உடனே விடையும் அனுப்பினார்.