லைசென்ஸ் பணம் மிச்சம். ஆளுக்குச் சம்பளம் எங்கே?

பெங்களூரில் நடுத்தரக் கம்பெனி, கல்லூரி, கூட்டுறவுச் சங்கம் என்று பல இடங்களில் இன்று ஒரு சர்வர் அறை இருக்கிறது. சம்பளப் பட்டியல், பில், வருகைப் பதிவு எல்லாம் அங்கேதான். அந்த சர்வர் நின்றால் குமாஸ்தாவின் வேலை நிற்கும். தொழிலாளியின் சம்பளம் தள்ளிப் போகும். ஆகவே அந்த அறையை யார் கவனிக்கிறார்கள் என்பது முதலாளியின் கவலை மட்டும் அல்ல.

வாடகையான கதை

ஒரு பெரிய வீட்டைத் தடுத்துப் பல குடித்தனங்கள் வைப்பது உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிப் பூட்டு. அதே போல ஒரு பெரிய சர்வருக்குள் பல சர்வர்களைத் தனித்தனியே நடத்தலாம். இந்தத் துறையில் நெடுங்காலம் முன்னணியில் நின்றது வி.எம்.வேர். 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் அதைச் சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டது. ஒரு முறை விலை கொடுத்து வாங்கிய நிலை போய், சந்தா கட்டும் நிலை வந்தது. செலவு பல மடங்கு ஏறிவிட்டதாகப் பல நாடுகளில் வாடிக்கையாளர்கள் புகார் செய்தார்கள்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. கே.வி.எம். என்னும் மென்பொருள் 2007 முதல் லினக்ஸின் ஓர் அங்கமாகவே இருக்கிறது. தகவல்களைப் பல இயந்திரங்களில் பிரித்துச் சேமிக்கும் செஃப், கலிபோர்னியா பல்கலைக் கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் சேஜ் வைல் செய்த ஆராய்ச்சியில் பிறந்தது. இரண்டையும் ஒரே திரையில் நிர்வகிக்க வியன்னாவிலிருந்து வரும் பிராக்ஸ்மாக்ஸ் உதவுகிறது. மூன்றுக்கும் லைசென்ஸ் கட்டணம் கிடையாது. மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். மத்திய அரசும் இத்தகைய மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை 2015-ல் அறிவித்தது.

இலவசம் என்றால் என்ன?

"இலவசம்தானே, பழைய சர்வர் இரண்டில் போட்டுவிடு" என்று உத்தரவு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

செஃப் வழக்கமாக ஒவ்வொரு தகவலுக்கும் மூன்று நகல்களை வெவ்வேறு இயந்திரங்களில் வைக்கிறது. 30 டெராபைட் டிஸ்க் வாங்கினால் கைக்குக் கிடைப்பது 10. அதையும் முழுவதும் நிரப்பக் கூடாது. 85 சதவீதம் எட்டியதும் எச்சரிக்கை வரும். இரண்டே இயந்திரங்கள் இருந்து நடுவில் கேபிள் அறுந்தால், எது பிழைத்தது, எது செத்தது என்று தீர்ப்புச் சொல்ல ஆள் இருக்காது. பெரும்பான்மை வேண்டும், அதற்கு மூன்று பேர் வேண்டும். மூன்றில் ஒன்று பழுதானாலும் வேலை நடக்கும். ஆனால் மூன்றாவது நகலை வைக்க இடம் இருக்காது. நான்காவது இருந்தால்தான் நிம்மதி. இவற்றை இணைக்க வேகமான நெட்வொர்க்கும் தேவை.

இன்னொன்று: மூன்று நகல் இருப்பதால் பேக்கப் தேவையில்லை என்று எண்ணக் கூடாது. ஒருவர் தவறுதலாகச் சம்பளக் கோப்பை அழித்தால் மூன்று நகலும் ஒன்றாகவே அழியும். தனி இடத்தில் தனிப் பிரதி கட்டாயம் வேண்டும்.

இதையெல்லாம் மென்பொருள் தானே செய்து கொள்ளாது. தெரிந்த ஆள் செய்ய வேண்டும்.

"கோளாறு வந்தால் போன் போட்டுக் கேட்க ஒரு கம்பெனி இருக்கிறதே, அதற்காகத்தான் பணம் கட்டுகிறோம்" என்பார்கள். நியாயமான பேச்சு. ஆனால் திறந்த மூல மென்பொருளுக்கும் கட்டண உதவி கிடைக்கிறது. பிராக்ஸ்மாக்ஸே ஆண்டுச் சந்தாவுக்கு அதைத் தருகிறது. கம்பெனியை நம்பினால் மட்டும் போதாது என்பதற்கு கிளஸ்டர் எஃப்.எஸ். ஓர் உதாரணம். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் படித்த அனந்த் பாபு பெரியசாமி முன்னின்று உருவாக்கிய சேமிப்பு முறை அது. அவருடைய நிறுவனத்தை 2011-ல் ரெட் ஹேட் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. தன் பெயரில் விற்ற அந்தச் சரக்குக்கான ஆதரவை 2024 இறுதியில் நிறுத்திக் கொண்டது. கம்பெனி கை கழுவினாலும் மூல நிரல் வெளியில் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த ஆள் வைத்திருந்தவர்களுக்கே அதனால் பயன்.

மிச்சத்தில் பங்கு

ஆகவே நிர்வாகங்கள் ஒன்றைச் செய்யட்டும். லைசென்ஸில் மிச்சமாகும் பணத்தை லாபக் கணக்கில் எழுதுவதற்கு முன், அதில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் ஒதுக்கட்டும். ஒருவர் அல்ல, இருவருக்காவது இந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் மற்றவர் கவனிக்க வேண்டாமா? காண்டிராக்ட் ஆளைக் குறைந்த கூலிக்கு வைத்து, இரவு பகலாக விழிக்க வைத்து, ஓராண்டில் மாற்றினால் அவரோடு அனுபவமும் வெளியேறிவிடும்.

ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் படித்துவிட்டுப் பெங்களூருக்கு வேலை தேடி வரும் நம் பிள்ளைகளுக்கும் இதில் வழி இருக்கிறது. மென்பொருளுக்குக் காசு இல்லை. பழைய கம்ப்யூட்டர்கள் மூன்று இருந்தால் பழகலாம். மூன்றில் ஒன்றின் பிளக்கைப் பிடுங்கி, மற்றவை எப்படித் தாங்குகின்றன என்று பார்த்தவன்தான் நாளை நெருக்கடியில் பதறாமல் நிற்பான்.

மென்பொருள் இலவசமாகக் கிடைக்கலாம். உழைப்பை இலவசமாகக் கேட்பது நியாயம் அல்ல; அந்தச் சிக்கனம் நிர்வாகத்துக்கும் லாபம் தராது.