அரணை கடித்தால் மரணமா?

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் தோட்டத்தில் அரணை தென்பட்டால் பலரும் கம்பைத்தான் தேடுகிறார்கள். ‘அரணை கடித்தால் உடனே மரணம்’ என்ற சொல் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. அதற்கு அடுக்கும் காரணங்களில் ஒன்றுகூட நிற்காது.

‘பாம்பைப்போல அதற்கும் விஷம் உண்டு.’ கிடையாது. அரணைக்கு நச்சுப்பல்லும் இல்லை, நச்சுப்பையும் இல்லை. கடித்து நஞ்சேற்றும் பல்லியாகப் பேர்போனது அமெரிக்கப் பாலைநிலத்துக் கிலா பல்லி. அரணை அந்தக் குடும்பமே அல்ல.

‘கடிக்க வரும், வந்ததும் மறந்துவிடும், அதனால் தப்பித்தோம்.’ கடிபட்டவரைக் காட்டச் சொன்னால் மறதியைக் காட்டுவது சான்றாகாது. ஆள் அரவம் கேட்டு ஓடுவதும் இடையில் நின்று பார்ப்பதும் உயிர் பிழைக்கத்தான்.

‘விலா சிவந்தால் விஷம் ஏறியிருக்கிறது.’ இணைசேரும் பருவத்தில் ஆண் அரணைக்கு வரும் நிறம் அது.

‘அது சாலமாண்டர், தொட்டாலே விஷம்.’ கைப்பேசியில் படம் பார்த்த இளைஞர்கள் சொல்வது இது. சாலமாண்டர் தவளைக்கு உறவு. ஈரத்தோல், செதில் இராது. சில வகைகளின் தோலில் நஞ்சுண்டு என்பது மெய்தான். ஆனால் இந்தியாவில் அதைக் காண டார்ஜிலிங் மலைகளுக்கோ வடகிழக்குக்கோ போக வேண்டும். அழகர்மலைச் சருகில் மினுங்கும் உடம்பில் இருப்பது உலர்ந்த செதில், அது அரணை.

‘கடிபட்டுச் செத்தவர் எங்கள் ஊரிலேயே உண்டு.’ இந்த வாதம்தான் ஆபத்தானது. கட்டுவிரியன் இரவில் திரியும். தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ பல்தடமோ தெரியாமலே போகலாம். அரணை பகலில் வெயில் காய்வது. இரவுக் கடியின் பழியைக் காலையில் முற்றத்தில் கண்ட அரணைமேல் போட்டு மந்திரிக்கப் போனால், உயிர் காக்கும் நேரம் கைநழுவும். கடித்தது எதுவென்று தெரியாவிட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போல நச்சுமுறி மருந்துள்ள இடத்துக்கு உடனே போக வேண்டும்.

அரணை பூச்சிகளைத் தின்று நம் தோட்டத்தைக் காப்பது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி நம் பக்கத்தில்தான் இருக்கிறது. இத்தகைய பாறைச் சரிவுகளிலும் வீட்டுக் கொல்லையிலும் இளவெயில் நேரத்தில் பிள்ளைகளுக்கு அரணையைக் காட்டுங்கள். கம்பை எடுக்காதீர்கள்.