ரயில் நின்றுவிட்டால் ஆபத்து முடிந்ததா? ரசாயன டேங்கரை இறக்கும் விதிகள் சொல்வதும், விட்டதும்

2023 பிப்ரவரி 3-ம் தேதி இரவு, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் ஈஸ்ட் பாலஸ்டைனில் சரக்கு ரயில் தடம் புரண்டது நினைவிருக்கிறதா? வினைல் குளோரைடு டேங்கர்கள், வானத்தை மூடிய கரும்புகை... அன்றைக்கு எல்லோர் போனிலும் அந்த வீடியோதான். அதன் பிறகு ரசாயன ரயில் என்றாலே பேச்சு சக்கரம், பேரிங், தண்டவாளம் பற்றித்தான்.

ஆனால், ரயில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாலும் வேலை முடிவதில்லை. நிற்கும் டேங்கரில் குழாயையோ ஹோஸையோ மாட்டி, உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் என்ன நடக்கலாம், அதற்கு விதிகள் என்ன சொல்கின்றன? பார்க்கலாம்.

விதி என்ன சொல்கிறது?

அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பின் 49-வது தலைப்பில், 174.67 என்ற பிரிவு டேங்கரை இறக்குவது பற்றியது. அதன் முக்கிய அம்சங்கள்:

• பயிற்சி பெற்றவர்தான் இறக்க வேண்டும். எழுதிவைத்த செயல்முறை இருக்க வேண்டும்.

• ஹேண்ட்பிரேக் போட வேண்டும். குறைந்தது ஒரு சக்கரத்துக்காவது இரண்டு பக்கமும் கட்டை வைக்க வேண்டும்.

• வேறு வண்டி அந்தப் பாதையில் நுழைய முடியாதபடி தடுக்க வேண்டும். குறைந்தது 30 செ.மீ. உயரம், 38 செ.மீ. அகலத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும்.

• மூடியைத் திறப்பதற்கு முன் உள் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். இணைப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே வால்வைத் திறக்க வேண்டும்.

• இறக்கி முடியும்வரை கண்காணிப்பு இருக்க வேண்டும்.

படிக்கும்போது ‘இதெல்லாம் தெரிஞ்சதுதானே’ என்று தோன்றும். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு விபத்துகளைப் பார்த்தால் புரியும்.

ரிவர்வியூ, 2001: உள்ளே தேய்ந்த குழாய்

மிச்சிகன் மாநிலம் ரிவர்வியூவில் இருந்த அட்டோஃபினா ரசாயன ஆலை. 2001 ஜூலை 14 அதிகாலை, டேங்கரிலிருந்து மீத்தைல் மெர்காப்டன் இறக்கிக்கொண்டிருந்தபோது குழாய் உடைந்தது. அழுகிய முட்டைக்கோஸ் வாடை கொண்ட, விஷத்தன்மையும் தீப்பற்றும் தன்மையும் உள்ள ரசாயனம் இது. கசிந்தது தீப்பிடித்தது. பக்கத்து டேங்கரின் ஹோஸ்கள் அந்தத் தீயில் சேதமடைய, குளோரினும் வெளியேறியது. ஆலை ஊழியர்கள் மூன்று பேர் இறந்தனர். சுமார் 2,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர்.

குழாயின் சுவர் உள்ளேயே அரித்துத் தேய்ந்து போயிருந்தது. ‘அப்படி உடைந்தால் டேங்கரில் இருக்கும் தானியங்கி வால்வு மூடிக்கொள்ளும்’ என்று ஆலை நம்பியிருந்தது. ஆனால், பாயும் வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் அந்த வால்வு மூடும். கசிவு அந்த வரம்பைத் தொடவில்லை. வால்வு திறந்தே இருந்தது.

ஃபெஸ்டஸ், 2002: பார்த்தால் ஒரே மாதிரி ஹோஸ்

அடுத்த ஆண்டு, 2002 ஆகஸ்ட் 14. மிசௌரி மாநிலம் ஃபெஸ்டஸ் அருகே டிபிசி என்டர்பிரைசஸ் ஆலையில், டேங்கரிலிருந்து குளோரின் இறக்கும் ஹோஸ் வெடித்தது. எமர்ஜென்சி பட்டனை அழுத்தினார்கள். ஆனால், அரிப்பு காரணமாக வால்வுகள் சரியாக மூடவில்லை. கடைசியில் பாதுகாப்பு உடை அணிந்த மீட்புக் குழுவினர் புகைக்குள் போய், டேங்கர் மேல் ஏறி, கையால்தான் வால்வை மூடினார்கள். அதற்குள் சுமார் மூன்று மணி நேரத்தில் 48,000 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 22 டன் குளோரின் வெளியேறிவிட்டது. 63 பேர் மருத்துவப் பரிசோதனைக்குப் போனார்கள்.

அந்த ஹோஸைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல் ஹேஸ்டெல்லாய் என்ற உலோகக் கலவையில் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குளோரின் அதை அரித்துவிடும். வெறும் கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கருவி வைத்துச் சோதித்தால்தான் தெரியும்.

அப்போ யார் பொறுப்பு?

இங்கேதான் சிக்கல். டேங்கர் ஓடும்வரை அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிகள் பொருந்தும். ரயில் நிறுவனம் வேகனை ஆலையில் விட்டுவிட்டுப் போன பிறகு, ஆலை ஆட்கள் இறக்கினால் அது ‘போக்குவரத்து’ ஆகாது என்று 2003-ல் அந்தத் துறை தெளிவுபடுத்தியது. அதனால் இன்றைய 174.67 பிரிவு, சரக்கை டேங்கரிலிருந்து இன்னொரு வாகனத்துக்கு மாற்றும் பணிகளுக்கு என்று சுருங்கிவிட்டது. ஆலைக்குள் நடப்பதைத் தொழிலாளர் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் துறைகளின் பொதுவான விதிகள்தான் பார்க்கின்றன.

ரிவர்வியூ விபத்துக்கு, இறக்கும் பணிகளில் கூட்டாட்சி அரசின் போதாத கண்காணிப்பும் ஒரு காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது. குளோரின் டேங்கரை இறக்குவதையும் போக்குவரத்துத் துறை தன் விதிகளுக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2007-ல் ரசாயனப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது. தூரத்திலிருந்தே டேங்கர் பக்கத்தையும் ஆலை பக்கத்தையும் மூடும் அமைப்பு கட்டாயம் வேண்டும். அது வேலை செய்கிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும் என்பது அதன் சாரம்.

நாம் கவனிக்க வேண்டியது

இரண்டு விபத்துகளிலும் ‘பாதுகாப்பு ஏற்பாடு’ இருக்கத்தான் செய்தது. ஒன்றில் தானியங்கி வால்வு, இன்னொன்றில் எமர்ஜென்சி பட்டன். அது நிஜமாகவே மூடுமா என்று சோதித்து உறுதிசெய்யவில்லை, அவ்வளவுதான். சக்கரக் கட்டையும் பலகையும் கண்ணுக்குத் தெரியும். அதைச் சரிபார்ப்பது சுலபம். தேய்ந்த குழாயும் தப்பான பின்னலும் தெரியாது. அதனால் எந்த ஆலை ‘எங்களிடம் எமர்ஜென்சி வால்வு இருக்கிறது’ என்று சொன்னாலும், அடுத்து கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கடைசியாக எப்போது மூடிப் பார்த்தீர்கள்?