உங்க ஊர் பி.கே. யாரு தம்பி?

எங்க பொழிச்சலூர்ல ஒரு விசேஷம். யாராவது முக்கியமான விஷயத்தைப் பேச வாயைத் திறந்தா, கரெக்டா தலைக்கு மேல ஃப்ளைட் போகும். மாடி வீட்டு பெங்காலி அங்கிளுக்கு இதெல்லாம் ஜுஜுபி. சத்தம் வந்தா அப்படியே ஸ்டாப். ஃப்ளைட் போனதும், விட்ட வார்த்தையிலிருந்து ஸ்டார்ட்! தாம்பரம் ஏர்ஃபோர்ஸ்ல வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஈஸ்ட் பெங்கால் வெறியர்.

போன வாரம் இன்டர்-காலேஜ் மேட்ச்ல 3-0ன்னு மண்ணைக் கவ்விட்டு வந்தேன். ஹாஃப் டைம்ல கேப்டனா நான் பார்த்த ஒரே வேலை, எல்லாரையும் திட்டினது. (எங்க கோல்கீப்பர் இன்னும் என்கிட்ட 'டூ'!) அங்கிள் கேட்டுட்டு தலையில அடிச்சுக்கிட்டார். "எங்க பி.கே.தா இப்படியா பண்ணுவாரு?"

'தா'ன்னா பெங்காலியில அண்ணன். பி.கே. பானர்ஜி, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு ஃபைனல்ல தென்கொரியாவுக்கு எதிரா கோல் அடிச்சு, இந்தியா தங்கம் வாங்கக் காரணமா இருந்தவர். ஆனா அங்கிளுக்கு அதைவிடப் பெருசு, கோச் பி.கே.தான். மேட்சுக்கு முன்னாடி டிரஸ்ஸிங் ரூம்ல அவர் பேசுற பேச்சுக்கு கொல்கத்தாவுல ஒரு பேரே உண்டு: 'வோகல் டானிக்'. பாட்டில் இல்லாத டானிக்!

13.7.1997. ஃபெடரேஷன் கப் செமி ஃபைனல். சால்ட் லேக் ஸ்டேடியத்துல 1,30,000 பேருக்கும் மேல கூட்டம். லீவு போட்டுட்டுப் போன அங்கிளும் அதுல ஒருத்தர். எதிர்ல மோகன் பகான். அவங்க கோச் அமல் தத்தா, தன்னோட 'டைமண்ட் சிஸ்டம்' மேல அவ்வளவு நம்பிக்கையில, ஈஸ்ட் பெங்கால் பசங்களைப் பேர் வச்சு நக்கல் அடிச்சார். பாய்ச்சுங் பூட்டியா 'சுங் சுங்'காம், ஒமோலோ 'ஆம்லெட்'டாம். பி.கே. பதிலுக்கு நக்கல் அடிக்கலை. அந்த நக்கலையே எடுத்து தன் பசங்களுக்கு டானிக்கா ஊத்திட்டார். ரிசல்ட்? 4-1. பூட்டியா ஹாட்ரிக்! சொல்லும்போது அங்கிள் சேர்ல இருந்து எழுந்தே நின்னுட்டார். ஃப்ளைட் சத்தத்துக்குக்கூட நிறுத்தலை. 2020 மார்ச் 20-ல பி.கே. இறந்த அன்னிக்கு அவர் மத்தியானம் சாப்பிடலைன்னு ஆன்ட்டி சொன்னாங்க.

அப்புறம்தான் கேட்டார் அந்தக் கேள்வியை. "சரி தம்பி, உங்க ஊர் பி.கே. யாரு?"

பேய்முழி முழிச்சேன். மெஸ்ஸி எந்த வருஷம் எந்தக் கால்ல கோல் அடிச்சார்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், பாஸ்!

காப்பாத்தினது எங்க கிளாஸ் திருச்சூர் பையன். தாத்தாவுக்கு போன் போட்டான். 1973-ல கொச்சியில ரயில்வேஸை 3-2ன்னு சாய்ச்சு, கேரளா முதல் தடவையா சந்தோஷ் டிராபியைத் தூக்குச்சு. கேப்டன் மணி ஹாட்ரிக். அந்த டீமோட கோச் யாருன்னு தாத்தா யோசிக்கவே இல்லை: "சைமன் சுந்தரராஜ். நிங்ஙளுடெ ஆள்!" ஆமாங்க, தமிழ்நாட்டுக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் போனவர். அம்பது வருஷம் தாண்டியும் அங்கே ஒரு தாத்தா அவரை 'சார்'னுதான் சொல்றார். இங்கே, எங்க டீம் பதினோரு பேர்ல ஒருத்தனுக்கும் தெரியலை. என்னையும் சேர்த்துத்தான்.

ஓடிப்போய் அங்கிள்கிட்ட சொன்னேன். கண்ணை மூடி யோசிச்சார். "ரோம் டீமுக்குக் கேப்டன் யாரு தெரியுமா?"

பி.கே.!

"உங்க ஆளும் எங்க ஆளும் ஒரே டிரஸ்ஸிங் ரூம் தம்பி. சரி, சைமன் ஆடுறதைப் பார்த்த ஒருத்தரைக் கூட்டிட்டு வா. பேசணும்."

அங்கிள் இந்த மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிட்டு மகள் வீட்டோட கொல்கத்தா போறார். உங்க வீட்டுத் தாத்தா யாராவது பார்த்திருந்தா சீக்கிரம் சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ். பல்லாவரத்துல இருந்து நானே பைக்ல கூட்டிட்டு வர்றேன். திரும்பக் கொண்டுபோய் விடுறதும் என் பொறுப்பு. இன்னிக்குக் காலையில கோல்கீப்பருக்கும் டீ வாங்கிக் குடுத்துட்டேன். குடிச்சான். இன்னும் பேசலை.